வீராணம் கரையில் பிடிக்கும் பைத்தியம்: சரித்திர நாவல் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு கிளை நூலகத்தில் நூல் வழங்கும் மேசையில் 23 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். அலமாரியில் எந்த வரிசைப் புத்தகங்களின் முதுகு முதலில் கிழிகிறது என்று பார்த்தாலே ஊரின் ரசனை தெரிந்துவிடும். எங்கள் ஊரில் கிழிந்தவை சரித்திர நாவல்கள். மேசைக்கு எதிரே நின்று வாசகர்கள் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அப்போது சொல்லத் தோன்றாமல் வீட்டுக்குப் போனபின் தோன்றிய பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

சரித்திர நாவலே படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

கல்கியின் 'பார்த்திபன் கனவு'. ஒரே புத்தகம், ஒரு வாரத்தில் முடிந்துவிடும். 1941-இல் 'கல்கி' இதழ் தொடங்கிய கையோடு அதில் தொடராக வந்த கதை. அதன்பின் அவர் எழுதிய 'சிவகாமியின் சபதம்' காலக்கணக்கில் இதற்கு முந்தைய கதை. அதில் இளவரசனாக வரும் நரசிம்மவர்மன் இதில் மகளைப் பெற்ற சக்கரவர்த்தி. கதை நடக்கும் வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். தேவையில்லை. அவர் எழுதிய வரிசையிலேயே படியுங்கள்; கதை சொல்கிறவரின் கை எப்படித் தேறியது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 2000 பக்கங்களுக்கு மேல். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

மலைப்பது புத்தகமாகப் பார்ப்பதால். அது புத்தகமாக எழுதப்பட்டதே அல்ல. 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. வாரம் ஒரு முறை இதழ் வரும். அந்த வாரத்துப் பகுதியை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு ஏழு நாள் அதைப் பற்றியே பேச்சு. அந்த வேகத்துக்கென்று அளந்து வெட்டியவைதான் அத்தியாயங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தின் பாதிவரை யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும். குழம்பட்டும். ஒரு தாளில் சோழர் வம்சத்தைக் கிளை பிரித்து எழுதி, பக்க அடையாளமாக உள்ளே வைத்துக்கொண்டால் போதும்.

ஒரே இரவில் இருநூறு பக்கம் படித்ததாகப் பெருமை பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுவாரம் கேட்டால் முதலமைச்சர் அநிருத்தரையும் அவருடைய ஒற்றன் ஆழ்வார்க்கடியானையும் மாற்றிச் சொல்வார்கள்.

இந்தக் கதைகள்மேல் இத்தனை பைத்தியம் ஏன்?

நிறையப் பேர் 'பழம்பெருமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பெருமைக்காக ஒருவர் புத்தகம் வாங்குவார், ஒப்புக்கொள்கிறேன். நான்காம் பாகத்தை எடுத்துப்போக மழையில் நனைந்துகொண்டு நூலகம் திறக்கும் முன்பே வந்து நிற்க மாட்டார். அவரை நிற்க வைப்பது கதையின் பொறி.

'பொன்னியின் செல்வ'னை வைத்து அந்தப் பொறியைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். ஆடிப் பதினெட்டு அன்று, நுரைத்து நிற்கும் வீரநாராயண ஏரிக்கரைமேல் (இன்றைய வீராணம்) வந்தியத்தேவன் என்ற இளைஞன் குதிரையில் வருகிறான். ஏரிக்கு 74 கணவாய்கள், அதாவது மதகுகள், என்று கேள்விப்பட்டிருக்கிறான்; எண்ணிக்கொண்டே வருகிறான். அவனுக்குச் சோழ நாடு புதிது. நமக்கும் புதிது. அவன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நாமும் தெரிந்துகொள்கிறோம். ஆசிரியர் தனியாக வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவன் கையில் இரண்டு ஓலைகள்: ஒன்று தஞ்சையில் நோயில் கிடக்கும் சக்கரவர்த்திக்கு, மற்றொன்று பழையாறையில் இருக்கும் இளவரசிக்கு. ஓலை கொண்டுபோகிறவனை மாளிகைக்குள்ளும் விடுவார்கள், சிறையிலும் போடுவார்கள். அரசனும் அவனிடம் பேசுவான், படகுக்காரியும் பேசுவாள். ஒரு சேனாபதியை நாயகனாக்கியிருந்தால் அவன் கூடாரத்தைவிட்டு நகர்ந்திருக்க மாட்டான். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவையும் ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்காட்டையும் ஊன்றிப் படித்தவர் கல்கி. ஊருக்குப் புதிதாய் வரும் துடுக்கான குதிரை வீரன் என்ற வித்தையை அங்கே கற்றிருக்கலாம். ஆனால் ஆற்றில் புதுவெள்ளம் வரும் நாளும், சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்கு வரும் குடும்பங்களும், ஓடத்துறையில் சைவரும் வைணவரும் போடும் சண்டையும் காவிரிக் கரையில் பிறந்தவருடையவை. புத்தமங்கலத்துக்காரர், மாயவரம் பக்கம்.

வந்தியத்தேவன் உண்மையில் வாழ்ந்தவனா? நந்தினி? பூங்குழலி?

மேசையில் வாரம் ஒரு முறையாவது வரும் கேள்வி. வந்தியத்தேவன் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசனின் அக்காள் குந்தவையைக் குறிப்பிடும்போது, வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று வருகிறது. கவனித்தீர்களா? இரண்டாயிரம் பக்கம் குதிரை ஓட்டிய வீரனுக்குக் கல்லில் கிடைத்த இடம் ஒரு பெண்ணின் கணவன் என்பதுதான். அந்த அரை வரியிலிருந்துதான் முழு ஆளையும் செய்தார் கல்கி.

சுந்தர சோழர், அவருடைய மூத்த மகன் ஆதித்த கரிகாலன், செம்பியன் மாதேவி, உத்தம சோழர் ஆகியோர் வரலாற்றில் இருப்பவர்கள். முதலமைச்சர் அநிருத்தரும் அப்படித்தான். சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது. பழுவேட்டரையர்கள் என்ற சிற்றரசர் குடியும் உண்மை. அரியலூர்ப் பக்கத்துப் பழுவூர்க் கோயில்களில் அவர்கள் கல்வெட்டுகள் இருக்கின்றன. நந்தினி, பூங்குழலி, ஊமை ராணி, ஆழ்வார்க்கடியான் நால்வரும் கற்பனை. 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமியும் ஆயனரும் நாகநந்தியும் கற்பனை. வாதாபி வீழ்ந்தது மட்டும் உண்மை, 642-இல்.

நந்தினி கற்பனை என்றதும் முகம் வாடிப்போனவர்கள் உண்டு. ஒரு பெரியவர், "அப்படியானால் அந்தக் கதையில் எஞ்சுவது என்ன?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்தக் கதையில் எல்லோரையும் அசைப்பவள் அவள்தான்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

தேநீர்க் கடைச் சண்டை வரைக்கும் போயிருக்கிற கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் பட்டத்துக்கு வந்தது 985. ஆகவே இது 986 அல்லது 987. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சில பேரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன். அவர்களையும் அவர்களைச் சேர்ந்தவர்களையும் சார்ந்த சொத்து பறிமுதல் ஆனதைப் பற்றிய விவகாரம் அது. கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, எதற்காக நடந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. நிலக் கணக்குக்கு அது தேவைப்படவில்லை.

சண்டை இங்கேதான் பிறக்கிறது. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. நடுவில் சுமார் பதினைந்து ஆண்டுகள் உத்தம சோழர் ஆண்டிருக்கிறார். அத்தனை காலம் குற்றவாளிகள்மேல் நடவடிக்கை ஏன் இல்லை? உத்தம சோழருக்கே இதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி. தமிழில் சோழர் வரலாறு எழுதிய சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடோ, குடிமக்கள் வேண்டியும் அருள்மொழி (பின்னாளில் இராசராசன்) தன் சிற்றப்பாவான உத்தம சோழருக்கே நாட்டை விட்டுக்கொடுத்தான் என்று பாடுகிறது. 'பஞ்சவன்' என்றால் பாண்டியன், ஆகவே பாண்டிய நாட்டு ஆட்கள் பழிவாங்கிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. 'இருமுடிசோழ' என்பது சோழர் கொடுத்த பட்டம் அல்லவா, ஆகவே உள்வீட்டு அதிகாரிகள்தான் என்பது எதிர்க்கட்சி.

கல்கி இந்தப் பெயர்களை எடுத்துச் சதிகாரர்களாக்கினார். ஆனால் கரிகாலன் விழும் அந்த இரவில் விளக்கை அணைத்துவிட்டார். அறையில் யார் யார் இருந்தார்கள் என்று காட்டுவார். யார் கை என்று அடித்துச் சொல்ல மாட்டார். சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அந்த நாவலிலேயே பிடித்த இடம் அது. கல் எங்கே வாயை மூடிக்கொண்டதோ அங்கே அவரும் வாயை மூடிக்கொண்டார். சாகசக் கதைக்கு இடமே கல்வெட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவில்தான். அந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு படித்தால் கதையின் ருசி கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

கதை பாதியில் நின்றுவிட்டதுபோல இருக்கிறதே?

அன்றைய வாசகர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆகவே கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று சொன்னார். சில மலிவுப் பதிப்புகளில் அது இருக்காது. வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

கல்கியா, சாண்டில்யனா?

வீடு இரண்டுபடும் கேள்வி. கல்கி கட்சி, சாண்டில்யன் கட்சி என்று அண்ணன் தம்பிகளே பிரிந்திருந்த குடும்பங்களை அறிவேன். என் பதில்: நிலம் வேண்டுமானால் கல்கி, கடல் வேண்டுமானால் சாண்டில்யன்.

'குமுதம்' இதழில் தொடர்களாக வந்தவை சாண்டில்யன் கதைகள், லதாவின் ஓவியங்களோடு. 'யவன ராணி' பூம்புகாரில் தொடங்குகிறது, கரிகாலன் காலம். 'கடல் புறா' மூன்று பாகம். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கிக் கடாரம், ஸ்ரீவிஜயம் என்று கிழக்கே போகிறது. அதன் நாயகன் கருணாகரத் தொண்டைமான், செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பாடிய அதே படைத்தலைவன். பரணியில் அவன் ஏற்கெனவே பெரிய தளபதி. சாண்டில்யன் அவனை இளைஞனாக்கி, அகூதா என்ற சீனக் கடற்கொள்ளைக்காரனிடம் தொழில் பழகியவனாக்கி, கப்பல் மேல்தளத்தில் நிறுத்தினார். 'ஜல தீப'த்தில் இன்னும் தள்ளிப் போய் மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் கொங்கணக் கரைக்கே அழைத்துப்போனார். காற்றின் திசை, பாய்மரம் திருப்புவது, எதிரிக் கப்பலை எந்தப் பக்கமாக அணுகுவது என்று அவர் எழுதுவதைப் படித்துவிட்டு, கடலையே பார்த்திராத எங்கள் ஊர்ப் பையன்கள் குளத்தில் வாழைத்தண்டுக் கட்டுமரம் விட்டார்கள்.

குறையும் சொல்லவேண்டும். அவருடைய நாயகர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான், பெயர் மட்டும் மாறும். எதிரி வியந்து நிற்பான், இவன் இதழில் இளநகை பூப்பான், காரணத்தை நான்கு பக்கம் கழித்துச் சொல்வான்.

சாண்டில்யன் நாவல்களைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

வர்ணனைகளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? எங்கள் தலைமுறையில் அம்மாக்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். நாங்கள் அரிசி களையப் போகிற சாக்கில் படித்தோம். பத்தாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. வர்ணனை வரும் பக்கங்களைப் பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள்; அவர்களுக்கு வாள்சண்டை வேண்டும்.

படம் பார்த்துவிட்டேன். புத்தகம் வேறு படிக்க வேண்டுமா?

1958-இல் எம்.ஜி.ஆர். படமாக்குவதாக அறிவித்து நடக்காமல் போன கதை, 2022-லும் 2023-லும் மணிரத்னம் இயக்கத்தில் இரண்டு பகுதிகளாக வந்தது. அந்த இரண்டு ஆண்டும் எங்கள் நூலகத்தில் முன்பதிவு ஏடு நிரம்பி வழிந்தது. படத்தில் நாவலின் பெரிய ஆள்மாறாட்டம் ஒன்றை அடியோடு எடுத்துவிட்டார்கள். எது என்று சொல்ல மாட்டேன். அதற்காகவே படியுங்கள்.

எந்தப் பதிப்பு வாங்குவது?

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999-இல் நாட்டுடைமை ஆக்கியது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; அச்சிடுகிறார்கள். புத்தகக் காட்சிக்குப் போனால் ஒரே கதை பத்துக் கடைகளில் பத்து விலையில் கிடக்கும். மூன்று விஷயம் பாருங்கள். முடிவுரை இருக்கிறதா? எழுத்து கண்ணுக்கு உறுத்தாத அளவா? ஓவியம் இருக்கிறதா? மணியம் தொடருக்கு வரைந்த ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு வந்தியத்தேவன் முகம் வேறெதுவாகவும் இருக்க முடியாது. அந்த வகையில் படத்தில் நடித்தவர்கள் பாடு கஷ்டம். பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் மதுரைத் திட்டத்தின் மின்னூலாகப் படிக்கலாம். இணையத்தில் உலவும் மற்றப் படிகள் சிலவற்றில் ஒரு பத்தி முழுக்க விழுந்துபோய் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டி இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த பழைய தொகுப்பு வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அச்சுப் புத்தகத்தில் இல்லாதவை அதில் இருக்கும்: அந்த வாரத்து ஓவியம், பின்பக்கத்தில் பாதி அறுந்த தைல விளம்பரம், ஓரத்தில் பாட்டி எழுதிய பால் கணக்கு. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும், ஆனால் பசையில் கொஞ்சம் துத்தம் கலக்காவிட்டால் பூச்சி வரும். வெயிலில் காயவைக்க வேண்டாம், அந்தத் தாள் நொறுங்கும். அலமாரியில் வசம்பு வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துத் தூசு தட்டிப் படியுங்கள். பூச்சிக்குப் பிடிக்காத ஒன்று, அடிக்கடி திறக்கப்படும் புத்தகம்.

கதை நடந்த ஊர்களைப் பார்க்கப் போகலாமா?

தாராளமாக. ஆனால் அரண்மனையைத் தேடிப் போகாதீர்கள். சோழர் அரண்மனை எதுவும் நின்றுகொண்டிருக்கவில்லை, நின்றவை கற்கோயில்கள்.

வீராணத்தில் தொடங்குங்கள். முதலாம் பராந்தகனின் பட்டப்பெயர்தான் வீரநாராயணன். ஏரிக்கு அவன் பெயர். ஆடிப் பதினெட்டில் கதையில் வருவதுபோல நுரைபொங்க இருக்கும் என்று எதிர்பார்த்துப் போய் ஏமாந்து வந்தவர்கள் உண்டு. இன்று ஏரி நிறைவது கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீரால். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த ஆண்டா என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போவதும் இந்த ஏரியிலிருந்துதான். தலைநகரத்தில் இந்த நாவலைப் படிக்கிறவர் பக்கத்தில் வைத்திருக்கும் சொம்பில் வீராணமும் கொஞ்சம் இருக்கலாம்.

அங்கிருந்து உடையார்குடி கூப்பிடு தூரம். கல்வெட்டைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதன் முன் நின்றுவிட்டு வாருங்கள். கும்பகோணம் பக்கம் வந்தால் திருப்புறம்பியம்: நாவலில் சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் பள்ளிப்படை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த போரில் இறந்த கங்க மன்னன் பிருதிவீபதிக்கு எழுப்பியது. பகலிலேயே அமைதியாகத்தான் இருக்கிறது. பழையாறையில் மாடமாளிகைகள் இல்லை. வயலும் தோப்பும் சோமநாதர் கோயிலும்.

கடைசியில் கோடிக்கரை. பூங்குழலியின் கலங்கரை விளக்கத்தைத் தேடுவீர்கள். பழைய விளக்கின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. வெளிமான்கள் திரியும் காடும், சேறும், குழகர் கோயிலும் இருக்கின்றன. இந்தக் கடற்காற்றில், அக்கம்பக்கத்தில் குடியே இல்லாமல் இப்படித் தனியாக இருக்கிறீரே என்று சுந்தரர் அந்தக் குழகரைப் பார்த்து இரங்கிப் பாடியிருக்கிறார். மாலை நான்கு மணிக்கு அங்கே நின்றால், பூங்குழலியை ஏன் அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார் என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

எல்லாமே சோழர் கதைதானா?

இல்லை. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யே நாயக்கர் காலக் கதை. 1895-இல் எழுதியவர் தி. த. சரவணமுத்துப் பிள்ளை, திருகோணமலைக்காரர். பாண்டியருக்கு அகிலனின் 'கயல்விழி'; பல்லவருக்கு ஜெகசிற்பியனின் 'நந்திவர்மன் காதலி'. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பல்லாண்டுகள் எழுதிய நாட்குறிப்பை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் வேறு சுவை. அவற்றில் குதிரை ஓடாது. ஆனால் கடைத்தெருவில் விலை ஏறுவது தெரியும்.

ராஜா ராணிக் கதை படிப்பது பிற்போக்கு என்கிறாள் என் மகள். என்ன பதில் சொல்ல?

அவள் சொல்வதில் பாதி சரி. அந்த 74 கணவாய் ஏரியை வெட்டியவர்கள் யார், எத்தனை பேர் என்று நாவலில் வராது. அரண்மனைச் சதியில் நாடு கவிழும். நெல் அறுத்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. நந்தினிக்கு ஆத்திரப்பட இடம் கொடுத்த அளவுக்குச் சேடிப் பெண்களுக்குப் பேசவும் இடம் கிடைக்கவில்லை. அவளிடம் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்தைக் கொடுங்கள். 2011-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. மதுரையின் பல நூற்றாண்டுக் கதை, ஆனால் அதன் நடுவில் இருப்பது ராஜா அல்ல. இரவில் ஊர்க்காவல் காத்தவர்களும் கன்னம் வைத்தவர்களும். அதிலும் சாகசம் இருக்கிறது, இருட்டில் ஒரு சுவரை ஓசையில்லாமல் துளைக்கும் இடங்களைப் படிக்கும்போது மூச்சுவிட மறந்துபோகும். அவள் அதைப் படிக்கட்டும், நீங்கள் உங்களுடையதைப் படியுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். வேறு எதுவும் ஒட்டவில்லை.

எல்லோருக்கும் வரும். பத்து நாளில் தெளியும். அதற்குள் தாங்காது என்றால் விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி' கதையை அங்கிருந்தே தொடர்கிறது. இராசேந்திரன் காலத்துக்கு அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. பெரிய கோயில் எழும்பிய விதம் வேண்டுமானால் பாலகுமாரனின் 'உடையார்', ஆறு பாகம். பாரி மன்னன் கதையான 'வேள்பாரி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ஓவியம் வரைந்தவர் ம.செ. என்கிற மணியம் செல்வன், மணியத்தின் மகன். அப்பா வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தார், மகன் பாரிக்குக் கொடுத்தார்.

நானே ஒரு சரித்திர நாவல் எழுத ஆசைப்படுகிறேன்.

எழுதுங்கள். கையெழுத்துப் படியை என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்கள் பலர். முக்கால்வாசிப் பேர் சமையலறையில் மாட்டிக்கொண்டார்கள். சோழர் மடைப்பள்ளியில் மிளகாய் கிடையாது. அது போர்த்துக்கீசியர் வந்தபின் வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி ஒன்றும் கிடையாது. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. ஒரு கதையில் குந்தவை கொய்யாப்பழம் கடித்தாள். நான் பென்சிலால் வட்டம் போட்டேன், எழுதியவர் ஒரு மாதம் என்னுடன் பேசவில்லை.

அடுத்தது குதிரை. காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு 250 கிலோமீட்டருக்குக் குறையாது. உங்கள் நாயகன் ஒரே இரவில் போய்விடுகிறான். ஒரு நாளில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடினாலே குதிரைக்குத் தண்ணீரும் ஓய்வும் வேண்டும். அதுவும் கப்பலில் அரபு நாட்டிலிருந்து வந்த விலை உயர்ந்த குதிரை. யாரும் அதைச் சாகடிக்க மாட்டார்கள். நிமிடம், மணி வேண்டாம். நாழிகை போடுங்கள், ஒரு நாழிகை 24 நிமிடம். கல்வெட்டுத் தொகுதிகளை வாங்கிப் புரட்டுங்கள். ஆடு தானம், விளக்கு நெய், நில எல்லை என்று சலிப்பாகத்தான் போகும். முந்நூறாவது பக்கத்தில் ஒரு பெயர் காரணம் சொல்லாமல் வந்து நிற்கும். அதுதான் உங்கள் ஆள்.

இத்தனை ஆண்டுகளில் உங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எது?

"அம்மா, மூன்றாம் பாகம் வந்துவிட்டதா?"

எப்போதும் மூன்றாம் பாகம்தான் வெளியே இருக்கும். முதல் பாகத்தை எடுத்தவர்களில் சிலர் நின்றுவிடுவார்கள். இரண்டை முடித்தவர்கள் எவரும் நிற்பதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் 'கொலை வாள்' வாசலில் வந்து முட்டுவார்கள். ஒரு முறை அது எட்டு மாதம் திரும்பி வரவில்லை. அபராதக் கடிதம் இரண்டு போட்டேன். ஒரு மதியம் யாரோ சன்னல் வழியாக மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பழுப்பு அட்டை போட்டு, முதுகைத் தைத்து, கிழிந்திருந்த இரண்டு பக்கங்களை வேறு பிரதியைப் பார்த்து நீல மையில் கையால் எழுதி ஒட்டியிருந்தது. அபராதம் ஐந்து ரூபாய் சொச்சம், நானே கட்டினேன்.